கொன்றவன் பெயரும் கொலையுண்டார் கதையும்

கொலை தமிழ்க் கலைகளுக்குப் புதிய பொருளன்று. தமிழின் முதற்காப்பியமே ஒரு கொலையை நடுவாகக் கொண்டது. தீர ஆராயப்படாத ஒரு பழியினால் மதுரையில் வெட்டுண்ட வணிகனின் இறப்பே சிலப்பதிகாரத்தின் அச்சாணி. தென்பாண்டி நாட்டில் விடிய விடிய வில்லடித்துப் பாடப்பெறும் கதைகளுட் பல, கொலையுண்டோர் கதைகளே. அச்சு இயந்திரம் ஊர்தோறும் பரவிய பின்னர்க் கொலைச்சிந்து என்றே ஒரு பாட்டுவகை தெருமுனைகளில் விலைபோயிற்று. ஆகவே, உண்மையில் நிகழ்ந்த தொடர்கொலைகளைத் தொலைக்காட்சி நாடகமாக்கலாமா என்று வினவுவதாற் பயன் இல்லை. ஆக்கலாம், ஆக்கியும் வந்துள்ளனர். வினவத்தக்கது வேறொன்று. அந்நாடகம் யாருடைய கதையாகச் சொல்லப்படுகின்றது என்பதே அவ்வினா.

அதனைத் தமிழ்ச் சூழலில் எழுப்புவதற்கு ஏற்ற படைப்பு, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஸீ5 இணையவழி ஒளிபரப்பில் வெளிவந்த ‘ஆட்டோ சங்கர்’ என்னும் தொடர்நாடகம் ஆகும். 1980களின் இறுதியில் சென்னையை நடுங்க வைத்த கொலைகளை அது பொருளாகக் கொண்டது.

பினாங்குத் தீவில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ் இதழ்கள் அச்சேறிய நகரம் ஜார்ஜ் டவுன். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை இத்துறைமுகத்தில் பயணிகளை இறக்கியது. அவர்களோடு பாட்டும் கதையும் வந்திறங்கின. பின்னர் வானொலியும், மலேசியத் தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிகளும், 1996க்குப் பின் ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகளும் அப்பணியை ஏற்றன. இன்றோ, சென்னையில் வெளியாகும் ஒரு தொடர் அதே இரவில் ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் மாணவர் கைப்பேசிகளில் ஓடுகின்றது. வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் குறிப்பு கைப்பேசியைக் காவல் காப்பதில்லை. பகலில் வழக்குரை காதையைப் பயிலும் மாணவன் இரவில் கொலைத்தொடரைக் காண்கின்றான். இரண்டும் கொலைக் கதைகள். இரண்டும் தமிழில் அமைந்தவை. இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராயும் கண்ணை அவனுக்கு அளிக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது.

வழக்கின் வரலாறு

நாடகத்தை மதிப்பிடுமுன் நடந்ததை அறிதல் வேண்டும். கௌரிசங்கர் என்பது கொலைஞனின் இயற்பெயர். சென்னையின் தென்பகுதியாகிய திருவான்மியூரில் ஆட்டோ ரிக்சா ஓட்டியவன். கள்ளச்சாராயம் கடத்துவதற்கு அவ்வண்டி பயன்பட்டது. சாராயத்தில் திரண்ட பணம் விபசாரத் தொழிலில் முதலாக இறங்கிற்று. அத்தொழில் சார்ந்த பகையும் அச்சமும் கொலைகளாக முடிந்தன. 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஆறுபேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பெண். சில உடல்கள் குடியிருப்பு வீடுகளுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்தன.

இவ்வழக்கில் வியப்புக்குரியது கொலைகளின் எண்ணிக்கையன்று. அவை வெளிப்படுவதற்கு ஆன காலமே. மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்பகுதியில் மனிதர் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போயினர். காவல் நிலையங்கள் இருந்தன. அண்டை அயலாரும் இருந்தனர். எனினும், ஒருங்கே மறைந்துபோன மூன்று இளைஞரின் உறவினர் ஆளுநர் வரை சென்று முறையிட்ட பின்னரே விசாரணை விரைவு பெற்றது. 1988இல் தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றமையால் ஆளுநரே அன்று ஆட்சித் தலைவராக விளங்கினார்.

கைதான பிறகும் கதை முடியவில்லை. 1990இல் சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பினான். ஒரிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் பிடிபட்டான். 1991இல் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 1994இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1995 ஏப்ரல் 27ஆம் நாள் சேலம் சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. திரைப்படங்களே தன்னைக் கெடுத்தன என்று அவன் இறுதிக் காலத்திற் பழி கூறியதாகவும் செய்திகள் வந்தன. திரையைக் குற்றம் சாட்டியதாகச் சொல்லப்பட்டவன், இறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் திரையில் தலைமை மாந்தனானான்.

நாடகத்தின் அமைப்பு

‘ஆட்டோ சங்கர்’ தொடரின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் அப்பானி சரத். 2017இல் வந்த ‘அங்கமாலி டைரீஸ்’ என்னும் மலையாளப் படத்தால் அறியப்பட்ட நடிகர். ஒரு முரடனின் உருவையும் உள்ளத்தையும் தம்மேல் ஏற்றிக்கொள்வது எளிய செயலன்று. அதற்குரிய உழைப்பை அவர்க்கு மறுத்தல் முறையன்று. ஆயின், திறனாய்வு நடிப்போடு நின்றுவிடுதல் கூடாது. நடிப்பு சிறந்தோறும் அமைப்பின் குறை ஆழப்படுகின்றது என்பதே இவ்வகை நாடகங்களின் இடர்ப்பாடு.

அக்குறையை மூன்று நிலைகளிற் காணலாம். முதலாவது, தலைப்பு. கொலைஞனின் பட்டப்பெயரே படைப்பின் பெயராயிற்று. செய்தித்தாள்கள் வழங்கி, மக்கள் வாயில் நிலைத்த அப்பட்டப்பெயர் விளம்பரத்திற்குரிய வணிக முத்திரையாகவும் பயன்படுகின்றது. கொலையுண்ட ஆறுபேருள் ஒருவருக்கும் அத்தகைய முத்திரை இல்லை.

இரண்டாவது, காலப் பங்கீடு. ஒருவன் பெயரைத் தலைப்பாகக் கொண்ட தொடரில் அவனுடைய வறுமை, ஆசை, வளர்ச்சி, வீழ்ச்சி ஆகியன பல பகுதிகளிற் பரந்து நிற்கும். கொல்லப்படுவோரோ தத்தம் முறை வரும்பொழுது வந்து, இறந்து, அகல்வர். தாய் தந்தையரும் தொழிலும் நாளைக்கென்று வைத்த எண்ணமும் உடைய மனிதராக அவர்களைக் காட்டுவதற்கு அவ்வமைப்பில் இடம் இல்லை. கதையை அடுத்த படிக்கு நகர்த்தும் நிகழ்ச்சியாகவே அவர்தம் இறப்பு பயன்படுகின்றது.

மூன்றாவது, பார்வையாளர் மனநிலை. நெடுநேரம் எவனுடைய கண்வழியே கதையைக் காண்கின்றோமோ அவனோடு மனம் தன்னையறியாமல் ஒட்டிக்கொள்ளும். அவன் உடலை மறைக்கும்பொழுது யாரேனும் வந்துவிடுவாரோ என்று பார்ப்பவரே பதறுவர். அப்பதற்றம் யார் பொருட்டு என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொலையை வெறுத்துக்கொண்டே கொலைஞன் பிடிபடாமையை விரும்பும் நிலைக்குக் காண்போரை உய்ப்பது இக்கலையின் வலிமை. அறநோக்கில் அதுவே அதன் மிகப் பெரிய பிழை.

மரபு காட்டும் வழி

இக்குறைகள் தொலைக்காட்சிக்கே இயல்பானவை, தவிர்க்க இயலாதவை என்று கூறுவார் உளர். தமிழ் மரபை நோக்கின் அக்கூற்று நிலைபெறாது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மேல் பழி சுமத்தி அவன் கொலைக்குக் காரணமானவன் பொற்கொல்லன். காப்பியத்தின் போக்கையே திருப்பிய அம்மனிதனுக்கு இளங்கோவடிகள் பெயர் சூட்டவில்லை. அவன் ஏன் திருடனானான், எவ்வாறு வளர்ந்தான் என்று ஒரு காதையும் அமைக்கவில்லை. பாண்டிமாதேவியின் சிலம்பைக் கவர்ந்தவன், அதனை மறைக்கப் பிறனைப் பலியிட்டவன் என்ற அளவில் அவனை நிறுத்தினார். மாறாக, கொலையுண்டவனைப் புகார் நகரில் அவன் மணநாள் தொட்டு அறியச் செய்தார். அவனுடைய குறைகளையும் மறைத்தாரல்லர். பொருளை இழந்தது, மனைவியைப் பிரிந்தது, வருந்தித் திரும்பியது எல்லாம் முன்னரே சொல்லப்பட்டமையால், மதுரையில் வாள் வீழும்பொழுது இறப்பது ஒரு பாத்திரமன்று. கற்போர் அறிந்த ஒரு மனிதன். அதன்பின் காப்பியம் யாரைத் தொடர்கின்றது? எஞ்சி நின்ற மனைவியை. அரண்மனை வாயிலில் நின்று முறையிட்ட அவள் குரலே கதையின் உச்சம்.

நாட்டுப்புறக் கதைப்பாடல்களும் இந்நெறியையே காட்டுகின்றன. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், மாடு கவர வந்த கூட்டத்தாரோடு பொருது பட்டன் மாள்கின்றான். பட்டனும் அவன் மனைவியராகிய பொம்மக்காளும் திம்மக்காளும் மக்கள் நாவில் வாழ்கின்றனர். கொன்றவர்கள் வெறும் கள்ளராகவே கதையில் எஞ்சினர். மதுரைவீரன் கதையில் தண்டனை அளித்த மன்னன் பெயர் உண்டு. கோயிலோ மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவனுக்கு. அவ்வழிபாடு தமிழரோடு மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. மலேசியாவில் இன்றும் மதுரைவீரன் கோயில்கள் உள்ளன. அநியாயமாகச் செத்தவர் தெய்வமாவார் என்பது இச்சமூகத்தின் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஏற்பினும் மறுப்பினும், அதனுள் ஒரு கதைக்கொள்கை அடங்கியிருப்பதை மறுத்தற்கில்லை: கதை கொலையுண்டவர்க்கு உரியது.

எனினும் மரபு முழுவதும் ஒரே குரலில் பேசியது என்று கூறுதல் மிகையாகும். கொலைச்சிந்து வேறு வழி சென்றது. மலிவான தாளில் அச்சிட்டுச் சந்தையிலும் புகைவண்டி நிலையத்திலும் சில காசுக்கு விற்கப்பட்ட அச்சிறுநூல்கள், பரபரப்பையே முதலாகக் கொண்டவை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) இத்தகைய வெளியீடுகளின் உலகை ஆராய்ந்துள்ளது. கற்றோர் இகழ்ந்த அச்சிந்துகளும் கொலைஞனைத் தலைவனாக்கிப் பாடின என்று சொல்வதற்கில்லை. ஊரார்க்கு எச்சரிக்கையாகவும் இறந்தவர்க்கு ஒப்பாரியாகவும் பாடுவதே அவற்றின் பொதுப்போக்கு. தெருப்பாடகன் கடைப்பிடித்த அந்த எல்லையைப் பெரும்பொருட் செலவில் உருவாகும் தொடர் கடந்துவிட்டது.

எதிர்வாதங்கள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். கள்ளரைப் புகழ்ந்த கதைப்பாடல்கள் தமிழில் இல்லையா என்பது முதல் மறுப்பு. செம்புலிங்கம் போன்றோரைப் பற்றிய பாடல்கள் வழங்கியது உண்மை. மக்கள் தொலைக்காட்சியில் 2007இல் தொடங்கிய ‘சந்தனக்காடு’ தொடரும் வீரப்பன் வாழ்வையே பொருளாகக் கொண்டது. ஆயின், அத்தகைய கதைகள் அரசுக்கும் செல்வர்க்கும் எதிராக நின்றவன் என்னும் நினைப்பில் ஒருவனைப் பாடுவன. அந்நினைப்பு சரியா தவறா என்பது தனியே ஆராயத்தக்கது. வலியாரை எதிர்த்தவன் என்று பாடப்படும் கள்ளனும், கேட்பாரற்றவரைத் தேடிக் கொன்றவனும் ஒரே நிரையில் வைத்தற்குரியரல்லர்.

இரண்டாம் மறுப்பு வலுவுடையது. ஒருவன் எவ்வாறு கொலைஞனாகின்றான் என்று காட்டினால்தானே சமூகம் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பர். இது நேர்மையான வாதம். காரணத்தை அறிதல் இலக்கியத்தின் கடமையே. ஆயின், காரணம் எங்கே இருந்தது? சங்கரின் உள்ளத்தில் மட்டும் இருந்திருப்பின் அவன் முதற் கொலையிலேயே அகப்பட்டிருப்பான். அவன் வளர்வதற்குச் சாராயம் விற்கும் சந்தை தேவைப்பட்டது; அதனைக் கண்டும் காணாதிருக்கும் கண்கள் தேவைப்பட்டன; விபசாரத்தில் சிக்கிய பெண் காணாமற்போனால் தேட வேண்டியதில்லை என்னும் ஊர்மனமும் தேவைப்பட்டது. தனியொருவன் மனத்தின் இருளை மட்டும் பலமணி நேரம் துருவிக் காட்டும் நாடகம், அவனைச் சூழ்ந்திருந்த இவ்வெளிச்சக் குறைவைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது. கொலைஞன் விந்தை விலங்காக மாறும்பொழுது, அவனுக்கு வழிவிட்டவர்கள் தப்பித்துக்கொள்கின்றனர். இறந்தோர்க்கு இழைக்கப்படும் அநீதிக்கு மேலாக இது மற்றோர் இழப்பு.

நீதிமன்றம் கண்ட நுட்பம்

இவ்விரண்டு இழப்புகளையும் கலையுலகம் உணருமுன் நீதிமன்றம் ஆராய நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சங்கர் சிறையில் இருந்தபொழுது தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினான் என்றும், அதில் உயர் அலுவலர் சிலரோடு தனக்கிருந்த தொடர்பைக் கூறியிருந்தான் என்றும் சொல்லப்பட்டது. ‘நக்கீரன்’ இதழ் அதனை வெளியிட முற்பட்டது. சிறைத்துறைத் தலைவர் அதனைத் தடுக்கும் முறையில் கடிதம் எழுதினார். அந்நூல் அவன் எழுதியதே அன்று என்றார். இதழாசிரியர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கின் தீர்ப்பு 1994 அக்டோபர் 7ஆம் நாள் வெளிவந்தது. நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு, இந்திய அரசியலமைப்புச் சட்ட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது.

அத்தீர்ப்பு கூறியவற்றுள் மூன்று செய்திகள் ஈண்டுக் கருதத்தக்கன. ஒன்று, தன் குடும்பம், மணவாழ்க்கை, கல்வி போன்றவற்றைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவன் இசைவின்றி அவற்றை வெளியிடுதல் ஆகாது. இரண்டு, நீதிமன்ற ஆவணம் முதலாகிய பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை எவரும் எழுதலாம். அலுவலர்க்கு இழுக்கு வரும் என்னும் அச்சத்தினால் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. மூன்று, இவ்விரண்டாம் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு இலக்கான பெண்ணின் பெயரையும் நிகழ்ச்சியையும் ஏடுகளில் பரப்பி அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்குதல் கூடாது.

தொடர்நாடகம் எழுதுவோர் இரண்டாம் விதியைத் தம் கேடயமாகக் கொள்வர். பொதுப் பதிவேட்டில் உள்ளதை எழுத உரிமை உண்டு என்பர். உரிமை உண்டுதான். ஆனால், அதே தீர்ப்பு பாதிக்கப்பட்ட பெண்ணை நினைத்து ஒரு விலக்கையும் வைத்தது. கொலைஞனின் நூல் பற்றிய வழக்கில் நீதிபதி துன்புற்றவரை மறவாதிருந்தார். சட்டத்திற்கு இயன்ற அம்மறவாமை கலைக்கு இயலாதது அன்று. மேலும், இவ்விலக்கிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது: ஒருவரைப் போற்றுதல் என்பது அவர் பெயரை உரக்கக் கூறுதல் அன்று. பெயரை மறைத்தும் ஒருவரைக் கதையின் நடுவில் நிறுத்தலாம். பெயரை ஓயாது சொல்லியும் ஒருவரைப் பொருட்படுத்தாதிருக்கலாம்.

அண்டை மாநிலத்திலும் இச்சிக்கல் எழுந்தது. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த கூடத்தாயியில் 2002க்கும் 2016க்கும் இடையே நிகழ்ந்த ஆறு இறப்புகள் தொடர்பாக 2019 அக்டோபரில் கைது நடந்தது. நான்கு திங்கள் கழிவதற்குள் அந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட மலையாளத் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பிற்கு வந்தது. 2020 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு மன்றம் சாட்சியைக் கேட்குமுன் வீட்டுக்கூடம் தீர்ப்புச் சொல்லிவிடும் இடர் அங்கே எழுந்தது. ‘ஆட்டோ சங்கர்’ தொடருக்கு அக்குற்றம் பொருந்தாது. அவ்வழக்கு முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதனாலேயே அதன் ஆசிரியர்க்குக் கூடுதலான வாய்ப்பு இருந்தது: பரபரப்பு அடங்கிய பின்னர் அமைதியாக நின்று, மறக்கப்பட்டவர்களைத் தேடிச் செல்லும் வாய்ப்பு.

வேறு வழியும் உண்டு

தொடர்கொலை நாடகம் வேறு வகையில் அமைய இயலுமா என்னும் வினாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு விடை கிடைக்கின்றது. அந்நாட்டின் வடபகுதியில் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்களைக் கொன்றவன் பீட்டர் சட்கிளிஃப். 1981இல் தண்டிக்கப்பட்டான். அதற்குமுன் காவல்துறையினர் அவனை ஒன்பது முறை விசாரித்திருந்தும் விட்டுவிட்டனர். கொலையுண்டவருள் சிலர் விபசாரத்தில் ஈடுபட்டவர் என்பதனால் அவர்தம் இறப்பை ஒரு வகையாகவும், ஏனையோர் இறப்பை வேறு வகையாகவும் கருதிய மனப்போக்கு அவ்விசாரணையைப் பெரிதும் கெடுத்தது. திருவான்மியூருக்கும் அவ்வூர்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது.

அவ்வரலாற்றை 2023இல் ஐடிவி நிறுவனம் ‘தி லாங் ஷேடோ’, அதாவது ‘நெடுநிழல்’, என்னும் ஏழு பகுதித் தொடராக்கிற்று. ஜார்ஜ் கே எழுதினார். லூயிஸ் ஆர்னல்ட் இயக்கினார். தலைப்பில் கொலைஞனின் பட்டப்பெயர் இல்லை. அவன் தொடரின் பிற்பகுதி வரையில் முதன்மை பெறுவதில்லை. முதற் பகுதியில் காண்போர் அறிவது வறுமையில் உழலும் ஒரு குடும்பத்தை. அவ்வீட்டுப் பெண் ஒருநாள் வெளியே செல்கின்றாள், திரும்பவில்லை. எஞ்சியோரின் துயரும், தவறிழைத்த காவலரின் மயக்கமும் அடுத்தடுத்த பகுதிகளை நிறைக்கின்றன. அச்சம் அங்கும் உண்டு. ஆனால், அது கொலைஞன் பிடிபடுவானோ என்னும் அச்சம் அன்று. இப்பெண் வீடு திரும்புவாளா என்னும் அச்சம். ஒரே பொருள், நிற்குமிடம் மாறியதும் வேறு கலையாயிற்று.

இதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டாமர்’ தொடர் இவ்விரு வழிகளுக்கும் இடையே தடுமாறியது. பதினேழு பேரைக் கொன்றவன் பெயரைத் தலைப்பில் தாங்கிக்கொண்டே, பலமுறை எச்சரித்தும் காவலரால் புறக்கணிக்கப்பட்ட ஓர் அண்டைவீட்டுப் பெண்ணுக்கு அது சிறந்த இடம் அளித்தது. எனினும், எவரும் தங்களைக் கேட்கவில்லை என்று கொலையுண்டோர் குடும்பத்தார் மனம் நொந்து கூறினர். நல்ல காட்சிகள் சில இருப்பினும் அமைப்பு கோணினால் படைப்பு கோணும் என்பதற்கு அது சான்று.

வகுப்பறைக்குச் சில வினாக்கள்

இத்தகைய தொடர்களைப் பார்க்காதே என்று மாணவரிடம் கூறுவதாற் பயன் விளைவதில்லை. பார்ப்பதை ஆராயக் கற்பித்தலே ஆசிரியர்க்கு இயன்றது. அதற்குத் தமிழ் வகுப்பே உகந்த இடம். கொலையைப் பொருளாகக் கொண்ட எப்படைப்பின் முன்னும் மாணவர் நான்கு வினாக்களை வைக்கலாம்.

தலைப்பு யாருடையது? இறந்தவர் இறக்குமுன் எத்துணை நேரம் உயிருள்ள மனிதராகக் காட்டப்பட்டார்? கொலைகள் நீண்டகாலம் நிகழ வழிவிட்டவர்கள் கதையில் வருகின்றனரா? இறுதிக் காட்சியில் நிற்பவர் யார்?

சிலப்பதிகாரத்தை இவ்வினாக்களால் ஆராய்வோர்க்கு விடைகள் தெளிவாகக் கிட்டும். தலைப்பு, உண்மையை மெய்ப்பித்த சிலம்பினுடையது. இறந்தவன் காப்பியத்தின் தொடக்கம் முதல் அறியப்பட்டவன். ஆராயாது ஆணையிட்ட அரசன் அவையிலேயே தன் பிழையை உணர்ந்து உயிர்விடுகின்றான். இறுதியில் நிற்பவள் நீதி கேட்டவள். அவ்வினாக்களையே ‘ஆட்டோ சங்கர்’ தொடர்மேல் வைப்பின், முதல் வினாவிலேயே அது தடுக்கி வீழ்கின்றது.

மொழியாசிரியர் ஐந்தாவதாகவும் ஒன்றைச் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரே பிரதிப்பெயரால் சுட்டப்படும் ஆடவனைத் தமிழில் அவன் என்பதா, அவர் என்பதா என்று பேசுவோர் முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு வினைமுற்றிலும் அம்முடிவு ஒலிக்கும். கொன்றவனுக்கும் கொலையுண்டவர்க்கும், காணாமற்போன மகனைத் தேடிக் காவல்நிலையப் படியேறும் தந்தைக்கும் ஒரு நாடகம் எந்த விகுதியை வழங்குகின்றது என்று மாணவர் குறித்துவரின், அப்படைப்பு யாரை மதிக்கின்றது என்பது எளிதில் விளங்கும். இலக்கணப் பாடம் அறப்பாடமாகும் இடம் அது.

திருவான்மியூர் வழக்கில் இன்னும் எழுதப்படாத நாடகம் ஒன்று உள்ளது. அதன் முதற் காட்சியில் கொலைஞன் இல்லை. ஓர் இளைஞன் வீட்டிலிருந்து புறப்படுகின்றான். சோறு மூடி வைக்கப்பட்டிருக்கின்றது. அடுத்த நாள் உறவினர் தேடத் தொடங்குகின்றனர். ஒரு நிலையத்தில் கேட்பார் இல்லை, மறுநிலையத்திலும் இல்லை. அவர்கள் சோர்ந்து வீடு திரும்பாமல், ஆளுநர் மாளிகை வரை செல்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மதுரை வாயிலில் ஒரு பெண் சென்ற வழி அது. அந்நாடகத்தை எழுதப்போகும் தமிழ் எழுத்தாளர் சென்னையில் இருக்கலாம்; பினாங்கின் ஏதேனும் ஒரு பள்ளியில் இன்று வழக்குரை காதையைப் படித்துக்கொண்டும் இருக்கலாம்.